இறக்கத்தில் அணைந்துபோகும் கார்: சாவி சுவிட்சை எப்படிச் சோதிப்பது?

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. பதினான்கு வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார். மேட்டுப்பாளையம் இறங்கும்போது அரவேணு தாண்டி இரண்டு முறை, ரோட்டுக் குழியில் ஒரு குலுக்கு குலுக்கியதும், ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அப்படியே அணைந்துவிட்டது. மூடுபனிக்காகப் போட்டிருந்த ஹெட்லைட் மட்டும் எரிந்ததாம். வைப்பர் பாதியில் நின்றது, டேஷ்போர்டு மீட்டரில் ஒரு லைட்டும் இல்லை. ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. சில நாள் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை, நாலைந்து முறை திருப்பினால்தான் எடுக்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள், குணமாகவில்லை. இப்போது இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்கிறார்கள். “அண்ணா, சாவி சுவிட்சாக இருக்குமோ? வீட்டில் மல்டிமீட்டர் இருக்கிறது, நானே சோதித்துப் பார்க்கலாமா?” என்கிறார்.

பார்க்கலாம் தம்பி. அதுவரை கம்ப்யூட்டருக்குப் பணம் கட்டாதீர்கள். ஹெட்லைட் எரிந்தது, வைப்பரும் மீட்டரும் செத்துப்போனது என்று எழுதியிருக்கிறீர்களே, பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது. குன்னூரில் முப்பது வருடமாக வண்டி வயரிங் வேலை பார்க்கிறேன். வண்டி நின்றுவிட்டது என்று வருகிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது, இன்ஜினோடு சேர்ந்து வேறு எதெல்லாம் அணைந்தது, எது அணையவில்லை என்பதுதான்.

பம்பு நின்றாலோ, இன்ஜின் சுற்றுவதைக் கணக்கெடுக்கும் கிராங்க் சென்சார் செத்தாலோ, இன்ஜின் மட்டும்தான் நிற்கும். மீட்டரில் பேட்டரி லைட்டும் ஆயில் லைட்டும் சிவப்பாக எரிய ஆரம்பிக்கும், வைப்பர் தன் பாட்டுக்கு ஓடும். இன்ஜின் கம்ப்யூட்டருக்குக் கரெண்ட் கொடுக்கும் மெயின் ரிலே (கரெண்டால் இயங்கும் சுவிட்ச்) போயிருந்தால் மற்ற லைட்டுகள் எரியும், சாவியை ஆன் செய்ததும் வர வேண்டிய செக் இன்ஜின் லைட் மட்டும் வராது. பேட்டரி டெர்மினல் கழன்று மொத்தமும் போயிருந்தால் ஹெட்லைட்டும் சேர்ந்து போயிருக்கும். உங்கள் வண்டியில் அது எரிந்தது. நம் ஊரில் ஓடும் பழைய கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டும் ஹசார்ட் லைட்டும் சாவி சுவிட்சைத் தொடாமல் பேட்டரியிலிருந்து நேராக வருபவை. சாவியை உருவிய பிறகும் ஹெட்லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் உங்கள் வண்டியும் அப்படித்தான். ஆக, சாவி வழியாகப் போகிற எல்லாம் ஒரே நொடியில் செத்திருக்கின்றன, சாவி வழியாகப் போகாதது பிழைத்திருக்கிறது. சந்தேகம் சுவிட்சின் மேலும், அதன் முதுகில் வயர்களோடு செருகியிருக்கும் கப்ளரின் மேலும், பேட்டரியிலிருந்து அதற்கு வரும் ஃபியூஸ், வயர் மேலும்தான் போக வேண்டும்.

சோதனைக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வளைவில் மறுபடி அப்படி அணைந்தால், ஓடுகிற வண்டியில் சாவியைப் பின்னால் திருப்பவே கூடாது. சாவி லாக் வரைக்கும் போய்விட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளக்கூடும், பூட்டினால் உங்கள் கையில் எதுவும் இல்லை. கியரிலேயே விடுங்கள், கிளட்சை மிதிக்காதீர்கள். சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும் வரை இன்ஜின் பிடிமானமும் இருக்கும், பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கமும் (காற்று உறிஞ்சலும்) இருக்கும். பிரேக்கை விட்டு விட்டு அடிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள். அடித்துக்கொண்டே இருந்தால் பூஸ்டரில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறங்குகிற பழக்கம் நம் மலையில் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அவர்கள் தெரிந்தே இந்த ஆபத்துக்குள் போகிறார்கள். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

சரி, சுவிட்சுக்கு வருவோம். சாவி நுழைகிற இரும்பு உருளையை நாங்கள் பேரல் என்போம். அதன் பின்னால் ஒட்டியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் பெட்டிதான் உண்மையான சுவிட்ச். பேரல் வேலை அதைத் திருப்புவது மட்டும்தான். உள்ளே பித்தளை, செம்புப் பாயிண்டுகள், அவற்றை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங். லாக், ஆக்சசரி, ஆன், ஸ்டார்ட் என்று நாலு நிலை. பேட்டரியிலிருந்து எப்போதும் கரெண்ட் வரும் முனை ஒன்று. ஆக்சசரி, இக்னிஷன், ஸ்டார்ட் என்று வெளியே போகிறவை மூன்று. சில வண்டிகளில் பேட்டரி முனையோ இக்னிஷன் முனையோ இரண்டிரண்டு இருக்கும். ஐரோப்பிய முறை எண்கள் பொறித்திருந்தால் 30 என்பது பேட்டரி, 15 இக்னிஷன், 50 ஸ்டார்ட். வயரின் நிறத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த மாடலின் வயரிங் படத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலையில் இந்தச் சுவிட்ச் சீக்கிரம் கெடுவதற்குக் காரணம் உண்டு. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை, குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபருக்கு மேல் வரும் வடகிழக்கு மழை, இரண்டுக்கும் நடுவில் மூடுபனி. கால்மிதி காயவே காயாது. அந்த ஈரம் டேஷ்போர்டுக்கு அடியில் ஏறி கப்ளர் பின்களில் பச்சைக் களிம்பாகப் பூக்கிறது. அதோடு கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போவதற்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்குகிறோம், குளிரிலிருந்து வெயிலுக்கு. ஏற்கெனவே தளர்ந்த பின் அந்தச் சூட்டு மாற்றத்திலும் குலுக்கலிலும் இன்னும் தளரும்.

இன்னொரு காரணம் தேங்காய் எண்ணெய். சாவி இறுகுகிறது என்று பேரலில் இரண்டு சொட்டு விடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைகிற சரக்கு. நம் வீட்டுப் பாட்டிலில் வருடத்தில் பாதி நாள் அது கட்டியாகத்தானே இருக்கிறது? பேரலுக்குள்ளும் அப்படித்தான் இருக்கும். ஸ்டார்ட்டுக்குத் திருப்பி விட்ட சாவி தானாக ஆனுக்குத் திரும்ப வேண்டும். உறைந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொண்டால் இன்ஜின் ஓட ஓட செல்ஃப் மோட்டாரும் கூடவே சுற்றும். ஜனவரி உறைபனிக் காலையில் அப்படிச் செல்ஃப் எரிந்து வந்த வண்டிகள் பல பார்த்திருக்கிறேன். பேரலுக்குக் கிராஃபைட் பொடி போதும்.

உங்கள் சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, கேட் சாவி, ஷெட் சாவி என்று எத்தனை தொங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். இதை விளையாட்டாகக் கேட்கவில்லை. 2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. சாவியை ஆன் நிலையில் பிடித்து நிறுத்தும் பல்லும் ஸ்பிரிங்கும் பலம் குறைவாக இருந்தன. குலுக்கலிலோ, கொத்தின் கனத்திலோ, முழங்கால் பட்டோ சாவி ஆக்சசரிக்கு நழுவியது. இன்ஜின் நின்றது, பவர் ஸ்டியரிங் போனது, மோதியபோது ஏர்பேக்கும் திறக்கவில்லை. நஷ்டஈட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. பழுது பார்க்கும் வரை வளையத்தில் வண்டிச் சாவியைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள் என்றுதான் கம்பெனியே சொன்னது. நீங்களும் இன்றைக்கே கொத்தைப் பிரித்துவிடுங்கள். அது மட்டுமே நோயைத் தீர்த்துவிடும் என்று சொல்லவில்லை, ஆனால் காசில்லாமல் செய்யக்கூடியது.

இனி சோதனை. சமதரையில் நிறுத்தி, நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல். முதலில் பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12க்குப் பக்கம் என்றால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. உறைபனி விழும் அளவுக்குக் குளிர்ந்தால் நல்ல பேட்டரியே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும் என்பதால், காலைக் கோளாறை முழுக்கச் சுவிட்ச் தலையில் கட்டுவதற்கு முன் இதைப் பார்ப்பது அவசியம். டெர்மினலைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து வண்டி பாடிக்குப் போகும் எர்த் வயரையும் பாருங்கள்.

அடுத்து, இன்ஜினை ஐடிலில் விட்டு, சாவியைத் திருப்பாமல் லேசாக மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசையுங்கள். மீட்டர் லைட் துடிக்கிறதா, இன்ஜின் திணறுகிறதா? ஸ்பேர் சாவியிலும் செய்து பாருங்கள். பழைய சாவியில் மட்டும் கோளாறு வந்தால் தேய்ந்தது சாவிதான். இரண்டிலும் வந்தால் பேரலா சுவிட்சா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் இரண்டு ஸ்குரூ கழற்றினால் சுவிட்ச் தனியாக வந்துவிடும், அதன் நடுவில் ஒரு காடி இருக்கும். கப்ளரை மாட்டியபடியே அந்தக் காடியை ஸ்குரூ டிரைவரால் திருப்பினால், பேரல் இல்லாமல் சுவிட்ச் தனியாக எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்டியரிங் பூட்டைத் திறந்து வைக்கவும், இம்மொபிலைசர் (வேறு சாவியில் ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டியானால் அது சாவியை அடையாளம் காணவும், சாவியைப் பேரலில் ஆன் நிலையிலேயே விட்டு வையுங்கள். ஸ்குரூ டிரைவரில் பழுதே வரவில்லை என்றால் பேரலோ நடு இணைப்போ தேய்ந்திருக்கிறது.

ஸ்டியரிங்குக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றுவதற்கு முன், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிஷம் பொறுங்கள். உங்கள் வண்டியில் ஏர்பேக் இருந்தால் அங்கே மஞ்சள் கப்ளர் தெரியும். அதைத் தொடவே கூடாது, மல்டிமீட்டர் முனையை அதில் வைக்கவே கூடாது. மற்ற வயர்களிலிருந்து சாவி சுவிட்சின் கப்ளரை அடையாளம் கண்டு முதலில் கண்ணால் பாருங்கள், மூக்கால் மோந்து பாருங்கள். பழுப்பேறிய பிளாஸ்டிக், இளகி உருண்ட ஓரம், ஒரு வயர் மட்டும் விறைத்திருப்பது, பச்சைக் களிம்பு. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் மல்டிமீட்டர் வெறும் ருசுவுக்குத்தான்.

பேட்டரியைத் திரும்ப மாட்டி, கப்ளர் மாட்டியபடியே அதன் பின்பக்கத்தில் டெஸ்ட் லேம்பை (ஒரு முனையை எர்த்தில் மாட்டிய சோதனை பல்பு) வைத்துப் பாருங்கள். பேட்டரி முனை எப்போதும் எரிய வேண்டும். சாவியை எந்த நிலையில் வைத்தாலும் அங்கே எரியவில்லை என்றால் கோளாறு சுவிட்சுக்கு முன்னாலேயே இருக்கிறது, ஃபியூஸையும் வயரையும் தேடுங்கள். ஆக்சசரி முனை ஆக்சசரியிலும் ஆனிலும் எரிந்து, ஸ்டார்ட்டில் அணையும். அணைவது பழுதல்ல, செல்ஃபுக்குக் கரெண்டை விட்டுக்கொடுக்க அப்படி வைத்திருக்கிறார்கள். ஸ்டார்ட் முனை ஸ்டார்ட்டில் மட்டும் எரியும். பலர் தவறவிடுவது இக்னிஷன் முனையைத்தான். அது ஆனிலும் எரிய வேண்டும், ஸ்டார்ட்டிலும் அணையாமல் எரிய வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பற்றவே இல்லை, ஆனால் சாவியை விடுகிற அந்தக் கணத்தில் ஒரு முறை பற்றுகிறது என்று வண்டி வந்தால், ஸ்டார்ட் நிலையில் இக்னிஷன் முனை விட்டுப்போகிறது என்று அர்த்தம். அதற்குப் பிளக், காயில், பம்பு என்று எதை மாற்றினாலும் தீராது.

இவ்வளவும் சரியாக இருந்தும் வண்டி நிற்கலாம். அதனால் நான் மிகவும் நம்புவது அடுத்த சோதனையை. மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டுகிறது, ஆகவே சுவிட்ச் நன்றாக இருக்கிறது என்று சொல்வது தப்பு. தோட்டத்து ஓஸ் பைப் ஓரிடத்தில் மடங்கியிருந்தாலும் நுனியை விரலால் அடைத்தால் அழுத்தம் முழுதாகத்தான் தெரியும், விரலை எடுத்தால்தான் தண்ணீர் வருகிறதா இல்லையா என்று தெரியும். கரெண்டும் அப்படியே. சுமை கொடுத்துவிட்டு அளக்க வேண்டும்.

சாவியை ஆன் செய்யுங்கள். புளோயரை முழு வேகத்தில் வையுங்கள், வைப்பரைப் போடுங்கள், பின் கண்ணாடி ஹீட்டர் இருந்தால் அதையும். பிரேக்கை மிதித்துப் பிரேக் லைட்டைச் சேர்ப்பதில் பயனில்லை, பல வண்டிகளில் அது சாவி வழியாக வராது. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைச் சுவிட்சின் பேட்டரி முனையிலும் கறுப்பை இக்னிஷன் முனையிலும் வையுங்கள். எர்த்தில் வைக்க வேண்டாம், சுவிட்சின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவில் எவ்வளவு தொலைகிறது என்பதுதான் நமக்கு வேண்டும். புது சுவிட்சில் 0.1 வோல்ட்டுக்குள் இருக்கும். 0.3 வரை போனால் பொறுத்துக்கொள்ளலாம். அரை வோல்ட்டைத் தாண்டினால் நான் மாற்றிவிடுவேன். எண் ஓரிடத்தில் நிற்காமல் குதித்தாலும் மாற்றிவிடுவேன். புளோயர் ஆக்சசரி முனையிலிருந்து வருகிற வண்டியானால் அந்த முனையையும் இதேபோல் அளக்க வேண்டும். அளக்கும்போது வயர்க் கட்டை மெதுவாக அசையுங்கள், சாவியையும் அசையுங்கள். உங்கள் வண்டியில் அந்தக் குலுக்கல்தான் நோயை வெளியே கொண்டுவரும்.

அரை வோல்ட், ஒரு வோல்ட் என்பது சின்னதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கரி பிடித்த பாயிண்டில் 0.1 ஓம் தடை, அதன் வழியே 15 ஆம்பியர் ஓடினால் 1.5 வோல்ட் அங்கேயே கழிந்துவிடும். 1.5ஐ 15ஆல் பெருக்கினால் 22.5 வாட். சால்டரிங் வைக்கும் சின்ன அயர்ன் 25 வாட். அந்தச் சூடு தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக்குக்குள் இருந்தால் கப்ளர் உருகாமல் என்ன செய்யும்? உருகினால் பின் இன்னும் தளரும், தளர்ந்தால் தடை ஏறும், இன்னும் சுடும்.

இதே 0.1 ஓமை, கழற்றிய சுவிட்சில் ஓம் மீட்டரால் அளந்தால் பிடிக்க முடியாது. சாதாரண மீட்டரின் வயரிலேயே அதைவிட அதிகத் தடை இருக்கும். அதோடு மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர் கணக்கில், வண்டியில் ஓடுவது ஆம்பியர் கணக்கில். ஓம் சோதனையில் தோற்ற சுவிட்ச் நிச்சயம் கெட்டது. ஜெயித்த சுவிட்ச் நல்லது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். பல வருடத்துக்கு முன் ஒரு எஸ்டேட் வண்டியில் நானே இதில் தவறினேன். ஓம் மீட்டரில் சரியாக இருக்கிறது என்று சுவிட்சைத் திரும்ப மாட்டி அனுப்பினேன், அந்த வண்டி பர்லியாரில் நின்றது. நல்லவேளை, ஏறும்போது நின்றது. அன்றிலிருந்து சுமையில் அளக்காமல் சுவிட்சுக்கு நல்ல பெயர் கொடுப்பதில்லை.

காலையில் செல்ஃப் எடுக்காததற்கும் இதே முறைதான். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் செல்ஃப் மோட்டாரின் சோலனாய்டுக்கு (செல்ஃபை இயக்கிவிடும் காந்தச் சுவிட்ச்) வரும் மெல்லிய வயரில் அளக்க வேண்டும். பெல்ட்டிலிருந்து கையைத் தள்ளி வையுங்கள். அந்த நேரம் பேட்டரி வோல்ட் எவ்வளவோ அதற்கு ஒரு வோல்ட் குறைவுக்குள் இங்கே வந்து, சோலனாய்டு அசையவில்லை என்றால் செல்ஃபைத்தான் கழற்ற வேண்டும். இங்கே ஏழோ எட்டோ மட்டும் வந்தால் சுவிட்சின் ஸ்டார்ட் பாயிண்ட் தேய்ந்திருக்கிறது. சோலனாய்டு இழுக்கிற கணத்தில் 30 ஆம்பியருக்கு மேல்கூடக் கேட்கும். ரிலே இல்லாத பழைய வண்டிகளில் அது முழுவதும் இந்தச் சின்ன பாயிண்ட் வழியாகப் போகிறது. ஒரு 12 வோல்ட் ரிலே வைத்து, சாவி ரிலேயை மட்டும் தட்டும்படியும், சோலனாய்டுக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராகக் கரெண்ட் போகும்படியும் மாற்றினால் புது சுவிட்சின் ஆயுள் நிறையக் கூடும். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டியானால் கிளட்ச் சுவிட்சையும் மறக்க வேண்டாம். சாவிப் படம் மீட்டரில் மின்னினால் அது இம்மொபிலைசர் விஷயம், வேறு கதை.

இவ்வளவு பார்த்தும் பழுது கையில் சிக்கவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. இரண்டு சின்ன 12 வோல்ட் மீட்டர் பல்பு எடுத்து, ஒன்றைச் சுவிட்சின் பேட்டரி முனையிலும் மற்றதை இக்னிஷன் முனையிலும், ஆளுக்கொரு 2 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து மாட்டுங்கள். இரண்டையும் எர்த் செய்து, பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்க்கும்படி டேப் ஒட்டுங்கள். பக்கத்தில் பள்ளத்தாக்கு இல்லாத ஊர் ரோட்டில், மெதுவாக, குழிகள் மேல் ஓட்டுங்கள். நின்ற நொடியில் இரண்டும் அணைந்தால் பழுது சுவிட்சுக்கு முன்னால். முதலாவது எரிந்து இரண்டாவது அணைந்தால் சுவிட்சோ அதன் கப்ளரோ. இரண்டும் எரிந்து இன்ஜின் மட்டும் நின்றால் சுவிட்ச் குற்றமற்றது, மெயின் ரிலே, கிராங்க் சென்சார் பக்கம் போங்கள். ஓட்டுகிறவர் பல்பைப் பார்க்கக் கூடாது, அதற்குத்தான் இன்னொருவர்.

சுவிட்ச்தான் என்று உறுதியானால் எமரி பேப்பரால் தேய்த்து ஒப்பேற்ற வேண்டாம். பாயிண்டின் மேல்பூச்சு போய்விட்டால் சில வாரத்தில் மறுபடி கரி பிடிக்கும், அது எந்த வளைவில் என்று யாரும் சொல்ல முடியாது. பெரும்பாலும் பேரலை விட்டுவிட்டு மின் சுவிட்சை மட்டும் தனியாக வாங்கலாம், சாவியும் மாறாது. கருகிய கப்ளரில் புது சுவிட்சைச் செருகாதீர்கள். கப்ளரையும் பின்னையும் சேர்த்து மாற்றுங்கள், கருத்த வயரை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு இணையுங்கள். மாற்றிய பிறகு அதே சுமையில் மறுபடி அளந்து, அந்த எண்ணை வண்டிப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு முறை அளந்தால் ஏறுகிறதா என்று தெரியும்.

மாற்றி முடிக்கும் வரை அந்த வண்டியில் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டாம் தம்பி. பஸ்ஸில் போய் வாருங்கள். அளந்த எண்களை எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.